புதுப்பிப்பு: மேளச்சமா (தவில் நாதஸ்வரக் கச்சேரி) கேட்டுவிட்டு வந்தேன்

மூன்று கிழமைக்கு முன் கேட்டிருந்தேன்: போனிலேயே கேட்டுப் பழகிய தவில் நாதஸ்வரக் குழு முள்ளியவளையில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வருகிறது, கிளிநொச்சியிலிருந்து இரவில் போய்வரலாமா என்று. பலரும் "பஸ்ஸை நம்பாதை" என்றீர்கள். சரி, மச்சானின் மோட்டார் சைக்கிளில் போனோம். பரந்தன் சந்தியில் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக.

ஒன்பது மணிக்கு என்றார்கள். தொடங்கும்போது பதினொன்றரை. அதற்குள் இரண்டு தேநீர், ஒரு சுண்டல் சரை.

முதல் வரிசையில் மண்ணிலேயே குந்தியிருந்தேன். போனில் தவிலின் வலந்தலை (விரலால் வாசிக்கும் வலப்பக்கம்) மட்டும் 'டக் டக்'கென்று கேட்கும். நேரில் இடந்தலையில் (இடப்பக்கத்தில்) கம்பு விழும்போது நெஞ்சுக்குள் இடிக்கிறது. தவில்காரர்கள் விரல்களில் தொப்பி போன்ற கூடு மாட்டியிருந்தார்கள். தனி (தவில் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்தபோது ஒருவரின் சுட்டுவிரல் கூடு கழன்று என் மடியில் விழுந்தது! எடுத்துக் கொடுத்தேன். "தாங்கோ தம்பி" என்று வாங்கி மாட்டிவிட்டு அடுத்த அடி.

ஒலிபெருக்கிக்காரர்தான் கெடுத்தார். நாதஸ்வரம் கீச்சிட்டது. நல்லகாலம், பாதியில் மின்சாரம் போக, மைக் இல்லாமலே வாசித்தார்கள். அந்த இருபது நிமிடம்தான் கச்சேரி.

தவில் மேதை இணுவில் தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானவர். அவரை ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டவன் நான். பக்கத்திலிருந்த ஐயா அவரை நேரில் கேட்டவராம். "இவங்களும் பரவாயில்லை" என்றார்.

வீடு வர விடிய ஐந்து மணி. காது இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது.