அப்டேட்: என் படத்த ஸ்வீட் பாக்ஸ்ல அச்சடிச்ச கடை விஷயம்

போன மாசம் போட்ட த்ரெட்டோட தொடர்ச்சி. தெரியாதவங்களுக்கு: நான் வரைஞ்ச மயிலாப்பூர் தெப்பக்குளம் படத்த ஒரு ஸ்வீட் கடை கேக்காமலே தீபாவளி பாக்ஸ்ல போட்டு வித்தாங்க. என் கையெழுத்த அழிச்ச இடத்துல தண்ணி கலர் திட்டா தெரியுது, படிக்கட்டுல நான் வரைஞ்ச ஒத்தக்கால் காக்கா மட்டும் அப்படியே இருக்கு.

மேனேஜர் "கூகுள்ல கிடைச்சது மேடம், ரிஜிஸ்டர் பண்ணிருக்கீங்களா"ன்னார். கட்டாயமே இல்லங்க, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரைஞ்ச உடனே உரிமை நம்மளது, பதிவு இருந்தா கோர்ட்ல நிரூபிக்க சுலபம், அவ்ளோதான். லேயரோட இருக்கற ஒரிஜினல் ஃபைல், இன்ஸ்டால போட்ட தேதி, பாக்ஸ் வாங்கின பில் எல்லாத்தையும் வெச்சு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம், அதுல அதே சட்டத்தோட 63வது பிரிவு, தெரிஞ்சே உரிமைய மீறினா 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரை ஜெயில்னு பாத்ததும் ஓனரே போன் பண்ணார்.

இப்போ மிச்ச பாக்ஸ நிறுத்திட்டாங்க, ஃபீஸ் தரவும் ஒத்துக்கிட்டாங்க, பேர் போட மட்டும் இழுத்தடிக்கறாங்க. காசு குறைஞ்சாலும் பேர விடமாட்டேன், வரைஞ்சவங்க 'இது என்னோடது'ன்னு பேர் கேக்கற உரிமை, சட்டத்துல 57வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. "ஃப்ரீ பப்ளிசிட்டிதானே"ன்னு கேட்டவங்களுக்கு, பேரே இல்லாம யாருக்குங்க பப்ளிசிட்டி? அக்ரிமென்ட் கைக்கு வந்ததும் எழுதறேன்.