கடல் மணலில் கத்திய மெஷின்

மோட்டார்காரன், கிருஷ்ணகிரி:

எனக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே அலைவரிசையில் ஓடும் சாதாரண ரகம். மாந்தோப்பில் தொலைந்த களைக்கொத்து, மண்ணுக்குள் புதைந்த வால்வு என்று நம் செம்மண்ணில் சொன்னபடி கேட்கும்.

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் போயிருந்தோம். தீர்த்தவாரிக் கூட்டத்தில் சின்னவள் கையில் கிடந்த வெள்ளிக் காப்பு அலையோடு போய்விட்டது. மெஷின் டிக்கியில் கிடந்தது. கூட்டம் கலையும்வரை காத்திருந்து எடுத்தேன்.

காய்ந்த மணலில் ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு பாட்டில் மூடி, ஒரு ஐந்து ரூபாய். ஈர மணலுக்கு வந்ததும் பேய் பிடித்த மாதிரி கத்தல். மெஷின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை இறக்கினாலும் கத்துகிறது, தூக்கினாலும் கத்துகிறது. பத்து இடம் தோண்டினேன், வெறும் மணல். "புதையலா தம்பி?" என்று ஒரு பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் போச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. தட்டுக்குள் இருப்பதும் காயில்தானே. அதன் காந்தப்புலம் மாறும்போது உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அதைத்தான் மெஷின் மோப்பம் பிடிக்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். கரை முழுக்க அதற்கு ஒரு மங்கலான உலோகம்!

சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கி, தட்டை ஒரே உயரத்தில் பிடித்து மெதுவாக வீசினேன். எந்த வகை உலோகம் என்று காட்டும் அளவுகோல் ஒன்று மெஷினில் உண்டு. உப்பின் சத்தம் அதன் கீழ்க்கோடியில் வருகிறது, அந்தப் பகுதி மட்டும் ஒலிக்காதபடி அடைத்தேன். கனமான வெள்ளி மேலே ஒலிக்கும், அதனால் காப்புக்குப் பாதகமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு காப்பு கிடைத்தது. எங்களுடையது இல்லை, அதைவிடச் சின்னக் கைக்குரியது. போலீஸ் பந்தலில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம்.

ஆத்தங்கரை, பென்னாகரம்:

அண்ணா, வெள்ளி என்பதால் தப்பித்தீர்கள். மெல்லிய தங்கச் சங்கிலி, மூக்குத்தி எல்லாம் அந்தக் கீழ்க்கோடியில்தான் ஒலிக்கும். உப்பை அடைத்தால் அவையும் சேர்ந்து அடைபடும். ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கலில் என் அத்தையின் தாலிக்குண்டு விழுந்தது. காவிரி நல்ல தண்ணீர், உப்புத் தொல்லை இல்லை. ஆனால் எண்ணெய்க் குளியல் இடம் ஆயிற்றே, அலுமினியத் தாள் ஒட்டிய பாக்கெட்டெல்லாம் அதே குரலில் கூப்பிடுகின்றன. சாயங்காலம்வரை குப்பை பொறுக்கியதுதான் மிச்சம்.

மலையடிவாரம், ஊத்தங்கரை:

கடலுக்குப் பல அலைவரிசை மெஷின் வேண்டும், இல்லையென்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகை. பல்ஸ் உப்பைச் சட்டை செய்யாது, ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் தோண்ட வைக்கும். என்னிடம் இருப்பது அதுதான். அதைப் பார்த்துவிட்டு, மயிலாடும்பாறைப் பக்கம் வரச்சொல்லி ஒருவர் நச்சரித்தார். நம் மாவட்டத்து அந்த ஊரில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள், அந்த ஆசைதான் அவருக்கு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். அன்றோடு பேச்சில்லை.

அது சரி, கடலிலிருந்து வந்ததும் தட்டை நல்ல தண்ணீரில் கழுவினீர்களா?

மோட்டார்காரன், கிருஷ்ணகிரி:

தட்டைக் கழுவினேன், அதைத் தாங்கும் குழாயை மறந்தேன். திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுக் கடையில் சாத்தி வைத்திருக்கிறேன்.