ஜென் வண்டி: தரையில ஒரு சொட்டு இல்ல, ரேடியேட்டர்ல மட்டும் தண்ணி குறையுது

கரூர்க்காரன்:

வணக்கம். அப்பாவோட வண்டி, 2002 மாடல் மாருதி ஜென். 2009-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது, இப்ப மீட்டர் 1,34,000 காட்டுது. வித்துடலாம்னு சொன்னா அப்பா ரெண்டு நாள் பேச மாட்டார்.

ரெண்டு மாசமா கூலன்ட் (ரேடியேட்டர்ல ஊத்துற தண்ணி) குறையுது. பதினஞ்சு நாளைக்கு அரை லிட்டர் போல. நிறுத்துற இடத்துல ஈரமே கிடையாது. ஒரு வாரம் அடியில அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டுப் பார்த்தேன், ஏ.சி. தண்ணி விழுந்த வட்டம் மட்டும்தான். எனக்குப் புரியாதது இதுதான்: ரிசர்வ் பாட்டில் 'ஃபுல்' கோட்டுலயே நிக்குது. ஆனா காலையில இன்ஜின் ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தா விரலை விட்டாலும் தண்ணி தட்டுப்படல.

போன வாரம் திண்டுக்கல் போறப்ப வேடசந்தூர் தாண்டினதும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல ஏறிடுச்சு. ஒரு புளியமரத்தடியில முக்கால் மணி நேரம் நின்னோம்.

இங்க ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தாங்க, அதுக்கு அடியில தயிர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. உடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கி ஃபேசிங் பண்ணணும், 14,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. ஹெட் கேஸ்கெட்னா இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல் தகடாம், அது போனா தண்ணி ஆயில்ல கலக்குமாம். ஃபேசிங்னா தலையோட அடியைச் சமமா சீவுறதாம். அப்பா தினமும் காலையில மார்க்கெட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் போய்ட்டு வருவார், வண்டியோட வேலை அவ்ளோதான். இதுக்கு 14,000 போடலாமா, இல்ல வேற ஏதாவது இருக்குமா?

லாரி மச்சான்:

ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போட்டு ஓட்டுங்க பாஸ். சின்ன ஓட்டையா இருந்தா அடைச்சுக்கும். எங்க பழைய வண்டியில போட்டு ஆறு மாசம் ஓட்டினோம்.

பழைய ஸ்பேனர்:

மச்சான் சொல்றது பொய் இல்ல. மஞ்சத்தூள்தான் நம்ம ஊரு லீக் ஸ்டாப். நடு ரோட்ல நின்னா நானும் போடுவேன். ஆனா அதுக்கு ஓட்டை எது, ரேடியேட்டர் ட்யூப் எதுன்னு தெரியாது. ரெண்டையும் அடைக்கும். வீட்ல நிக்கிற வண்டிக்கு அது வேணாம் தம்பி.

1988-ல அம்பாசடர் பட்டறையில எடுபிடியா சேர்ந்தவன் நான். முப்பது வருசத்துக்கு மேல ஸ்பேனர் பிடிச்சேன், இப்ப முழங்கால் மடங்க மாட்டேங்குது, அதனால வாயால ரிப்பேர் பண்றேன். அம்பாசடர்ல இந்தத் தலைவலியே இல்ல. செம்பும் பித்தளையும் போட்ட ரேடியேட்டர், ஒழுகினா கழட்டி ஈயம் வச்சு ஒட்டிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மாட்டிடுவோம். உங்க வண்டியில அலுமினியம், மேலயும் கீழயும் பிளாஸ்டிக் டேங்க். அந்த ரெண்டும் சேர்ற விளிம்புல ஒழுகினா மாத்துறதைத் தவிர வழி இல்ல.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. பாட்டில் குறையல, ரேடியேட்டர் குறையுதுன்னீங்களே, அது. இன்ஜின் சூடானா தண்ணி விரிஞ்சு மூடியில இருக்கிற ஸ்பிரிங்கைத் தள்ளிக்கிட்டு பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது உள்ள வெற்றிடம் உண்டாகும், மூடி நடுவுல இருக்கிற குட்டி வால்வு திறந்து போன தண்ணியைத் திரும்ப உறிஞ்சும். உங்க வண்டி உறிஞ்சல. ஒண்ணு அந்தக் குட்டி வால்வோ பாட்டிலுக்குப் போற மெல்லிசு ட்யூபோ கெட்டிருக்கணும். இல்லேன்னா வேற எங்கயோ ஒரு ஊசி ஓட்டை இருக்கு, ஆறும்போது பாட்டில் தண்ணிக்குப் பதிலா அது வழியா காத்தை இழுத்துக்குது. மூடி மட்டும் கெட்டிருந்தா தண்ணி பாட்டில்ல சேர்ந்து வழியணும். உங்களுக்கு வழியல, தண்ணி காணாமலே போகுது. அதனால ஊசி ஓட்டை மேலதான் எனக்குச் சந்தேகம்.

தரையில ஏன் சொட்டலன்னா, அந்த ஓட்டை இன்ஜின் சூடா பிரஷர்ல இருக்கும்போது மட்டும்தான் கக்கும். சூடான இரும்பு மேல பட்டதும் ஆவியாயிடும். ஆனா தடம் விட்டுட்டுப் போகும். சுவத்துல உப்பு பூத்த மாதிரி பச்சையும் வெள்ளையுமா காஞ்சு போயிருக்கும். சொட்டைத் தேடாதீங்க, பூத்த இடத்தைத் தேடுங்க.

எங்க தேடணும்னா: ஹோஸ் கிளிப் ஒவ்வொண்ணும். வாட்டர் பம்ப்புல ஷாஃப்ட்டுக்குக் கீழ ஒரு சின்னத் துளை விட்டிருப்பாங்க, சீல் போனா அது வழியாதான் வரும். பிளாக் பக்கவாட்டுல வட்டத் தகடா அடிச்சிருக்கிற வெல்ச் பிளக். ஹீட்டர் கோர், அதான் டாஷ்போர்டுக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர், போயிருந்தா இடது சீட்டுக் கால் மேட்டு ஈரமா இருக்கும், உள்ள தித்திப்பு வாசம் அடிக்கும். எல்லாத்துக்கும் மேல, வாட்டர் பம்ப்புல இருந்து இன்ஜினுக்குப் பின்னால ஒரு இரும்புப் பைப் போகும். 2009-க்கு முன்னாடி ஓட்டினவங்க போர் தண்ணி ஊத்தி ஓட்டியிருந்தா, அந்தப் பைப் உள்ளுக்குள்ள அரிச்சே இருக்கும். உங்க ஊர் போர் தண்ணி எவ்ளோ உப்புன்னு உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் கண்ணால தேடுறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் பட்டறைக்குப் போங்க. மூடி இருக்கிற இடத்துல மாட்டுற கைப் பம்ப் வச்சிருப்பாங்க. இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். தண்ணியை நிரப்பி, உங்க மூடியில பிரஷர் அளவு 0.9-னோ 1.1-னோ பொறிச்சிருக்குமே, அந்த அளவுக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்கிற ஹோஸும் கிழியும். பத்து நிமிசம் பம்ப் முள்ளைப் பாருங்க, இறங்கினா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். அந்த மூடியையும் அதே பம்ப்புல டெஸ்ட் பண்ணிடுங்க.

ஹெட் கேஸ்கெட்டுக்கு வர்றேன். மூடியில இருக்கிற தயிரைப் பார்த்து ஹெட்டை இறக்குறது, தும்மினவனுக்கு ஆபரேசன் பண்றது மாதிரி. தினம் ரெண்டு கிலோமீட்டர் ஓடுற வண்டியில இன்ஜின் சூடேறுறதுக்குள்ள நிறுத்திடுவாங்க, உள்ள இருக்கிற ஈரம் வேர்த்து மூடியில ஆயிலோட கலந்து தயிராகும். டிப் ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, எடுத்துப் பாருங்க. அதுல ஆயில் பால் காப்பி கலர்ல இருந்தா பயப்படணும். அப்புறம், காலையில ஆறின இன்ஜின்ல மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல கொஞ்சம் குமிழ் வரும், அது உள்ள மாட்டின காத்து. நிக்காம குமிழ் வந்துக்கிட்டே இருந்தாலோ, இன்னொரு நாள் ஆறின இன்ஜினை மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணின ரெண்டு நிமிசத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலோ அப்ப கேஸ்கெட்டைப் பத்திப் பேசலாம்.

சூடா இருக்கும்போது மட்டும் மூடியில கை வைக்காதீங்க. என் வலது கையில இன்னும் தழும்பு இருக்கு.

சேலம் 800:

எனக்கும் இதே மாதிரி ஹீட்டாகி, மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை, அதான் இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம நிறுத்துற வால்வை, கழட்டிட்டார். மூணு வருசமா ஓடுது. நம்ம வெயிலுக்கு அது எதுக்குங்க?

பழைய ஸ்பேனர்:

சேலம் தம்பி, நானும் நூறு வண்டிக்குக் கழட்டியிருக்கேன், கார்புரேட்டர் காலத்துல. வேலை சீக்கிரம் முடியும், கஸ்டமர் சந்தோசமா போவார். ஆனா எம்.பி.எஃப்.ஐ. வண்டியில, அதான் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சுற வண்டியில, இன்ஜின் சூடேற நேரமாச்சுன்னா, கம்ப்யூட்டர் இன்னும் குளிர்ல இருக்கோம்னு நினைச்சு பெட்ரோலை அதிகமா விடும். மைலேஜ் குறையும், ஆயில்ல ஈரம் தங்கும்.

கரூர் தம்பி, நீங்களும் பார்த்துடுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸ்ல கை வைங்க, ஃபேன் கிட்ட கை போகாம. வால்வு இருந்தா கொஞ்ச நேரம் சில்லுன்னு இருந்துட்டு திடீர்னு சுடும். இல்லேன்னா முதல்ல இருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும்.

கரூர்க்காரன்:

ஐயா, ஒண்ணொண்ணா பண்ணினேன்.

டிப் ஸ்டிக்ல ஆயில் சுத்தமா இருக்கு. குமிழ் ஒரு நிமிசம் வந்து நின்னுடுச்சு. மேல் ஹோஸ் முதல்ல இருந்தே வெதுவெதுன்னு ஆச்சு. ஹவுசிங்கைத் திறந்தா வால்வே இல்ல, காலி! எந்தக் காலத்துல யார் கழட்டினாங்கன்னு அப்பாவுக்கும் தெரியல.

ரேடியேட்டர் பட்டறையில பம்ப் மாட்டினாங்க. மூடி சரியா இருக்கு. வண்டியில 0.9 அடிச்சோம், பத்து நிமிசத்துல 0.6-க்கு இறங்கிடுச்சு. ஆனா எங்கயும் சொட்டு காணோம். பட்டறைக்காரர் ஸ்டீல் ஸ்கேல் நுனியில ஒரு சின்னக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி, டார்ச் அடிச்சு இன்ஜினுக்குப் பின்னால விட்டார். நீங்க சொன்ன இரும்புப் பைப்தான். பைப்பைப் பிடிச்சு நிறுத்துற பிராக்கெட்டை வெல்டிங் பண்ணின இடத்துக்குப் பக்கத்துல பச்சையா பூத்திருந்துச்சு, திரும்ப அடிச்சதும் அதுல இருந்து தலைமுடி மாதிரி ஒரு பீச்சல்.

கழட்டி எடுத்து ஸ்க்ரூ டிரைவரால குத்தினா அப்பளம் மாதிரி உள்ள போகுது. கடைகள்ல கேட்டேன், இந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லைங்கறாங்க. லேத் பட்டறையில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பண்ணித் தர்றேன்னு சொல்றாங்க. பண்ணலாமா?

பழைய ஸ்பேனர்:

தாராளமா பண்ணலாம். மூணு விசயம் மட்டும் சொல்லிக் குடுங்க. ஹோஸ் மாட்டுற முனையில பழைய பைப்புல மாதிரியே உதடு தூக்கி விடணும், மொழுமொழுன்னு விட்டா பிரஷர்ல ஹோஸ் கழண்டு வந்துடும். வாட்டர் பம்ப்புக்குள்ள போற முனை பழைய பைப்போட விட்டத்துலயே இருக்கணும், அங்க ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம்தான் சீல், அதையும் புதுசா போடுங்க. பிராக்கெட்டும் அதே இடத்துல வரணும், இல்லேன்னா இன்ஜின் ஆட்டத்துல பைப் விரிசல் விடும். பழைய பைப்பை மாதிரிக்குக் குடுத்துட்டு வராதீங்க, பக்கத்துலயே நில்லுங்க.

ஹோஸ் எல்லாம் எந்த வருசத்துதுன்னு தெரியலேன்னா மாத்திடுங்க. தெர்மோஸ்டாட் புதுசு போடுங்க. பிளாக்கைத் தண்ணி விட்டு அலசி, கலங்கல் நின்னதும் ரெடி மிக்ஸ் (தண்ணி கலந்தே வர்ற) கூலன்ட் ஊத்துங்க. நம்ம ஊர்ல தண்ணி உறையாதுதான், ஆனா கூலன்ட்ல துருப் பிடிக்காம இருக்கிற மருந்து இருக்கு, உங்க பைப்புக்குக் கிடைக்காமப் போனது அதுதான். பழைய பச்சையோட வேற கலர் எதையும் கலக்காதீங்க. கை நனைஞ்சா கழுவுங்க, சிந்தினதைத் தண்ணி விட்டு அடிச்சுடுங்க. தித்திப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துப் போகும்.

நிரப்பும்போது ஹீட்டர் நாப்பை முழுச் சூட்டுல வச்சு, மூடி இல்லாம ஓட விட்டு, ஃபேன் தானா ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் மெதுவா ஊத்துங்க. முதல் மூணு நாள் லெவல் கொஞ்சம் இறங்கும், அது காத்து. பதறி மறுபடி பட்டறைக்கு ஓடாதீங்க.

கரூர்க்காரன்:

மூணு வாரம் ஆச்சு ஐயா. லேத் பைப் 900, ஹோஸ், தெர்மோஸ்டாட், ஓ-ரிங், கூலன்ட் நாலு பாட்டில், கூலி எல்லாம் சேர்த்து 4,600-ல முடிஞ்சுது. ரெண்டாம் நாளும் நாலாம் நாளும் கொஞ்சம் ஊத்தினேன், அதுக்கப்புறம் இறங்கல. இப்ப காலையில பார்த்தா பாட்டில்ல கோடு கொஞ்சம் கீழ, சூடானா மேல. பாட்டில்ல இருந்து தண்ணியை உறிஞ்சுது! நேத்து திண்டுக்கல் போய்ட்டு வந்தோம், முள் பாதிக்குக் கீழயே நின்னுச்சு. வாரம் ஒரு தடவையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லியிருக்கேன்.

அப்பா டிக்கியில இருக்கிற அஞ்சு லிட்டர் தண்ணிக் கேனை இன்னும் இறக்கல. அரிச்சுப் போன பைப்பைக் கழுவித் துடைச்சு பரண்ல வச்சிருக்கார். எதுக்குப்பான்னு கேட்டா, "இருக்கட்டும்"ங்கறார்.