.கேஓ எல்லாம் .கேஓ.இசட்எஸ்டி ஆயிட்டு, ஸ்கிரிப்டுக்கு ஒண்ணும் சிக்கல

பாளை_லேப்:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். இங்க பாளையங்கோட்டையில ஒரு காலேஜ் லேப் மெஷினெல்லாம் நாந்தான் பாக்குதேன், உபுண்டு 22.04ல இருந்து 24.04க்கு மாத்துனோம், அதுக்கப்புறம் எந்தெந்த டிரைவர் மாட்யூல் (லினக்ஸோட மையமான கெர்னல்ல தேவைப்படும்போது ஏத்துத துண்டு) இருக்குன்னு தேடுத ஸ்கிரிப்ட் ஒண்ணு கூட காட்ட மாட்டேங்கு. உள்ள போயி பாத்தா எல்லா .கேஓ மாட்யூல் ஃபைலுக்கும் பின்னால .இசட்எஸ்டின்னு ஒட்டிக்கிட்டு நிக்கு. வைஃபை எல்லாம் நல்லா ஓடுது. பக்கத்து லேப்ல ஃபெடோரா, அங்க .கேஓ.எக்ஸ்இசட். இதுக்கு ஒரு முறை உண்டா? எல்லாத்தையும் விரிச்சு பழையபடி .கேஓன்னே வச்சிரலாமான்னு யோசிக்கேன்.

தாமிரபரணி_கரை:
முறை உண்டு தம்பி. 2.6 கெர்னல்ல இருந்து மாட்யூல்னா .கேஓ, அதுக்கு முன்ன வெறும் .ஓ. ஃபைல அமுக்கும்போது, அதாவது கம்ப்ரஸ் பண்ணும்போது, அந்த .கேஓ அப்படியே இருக்கும், அதுக்குப் பின்னால .ஜிஇசட், .எக்ஸ்இசட், .இசட்எஸ்டி மூணுல ஒண்ணு வரும். எதுங்கறத கெர்னல் பில்ட் பண்ணுதவங்க தேர்ந்தெடுக்காவ. கெர்னல் பில்ட்ல .இசட்எஸ்டி சேந்தது 5.13ல, 2021. எக்ஸ்இசட் பொதுவா இன்னும் சின்னதா அமுக்கும், இசட்எஸ்டி சீக்கிரமா விரியும், அதான் ஆளாளுக்கு ஒண்ணு.

சங்கரன்கோவில்_லினக்ஸ்:
விரிக்காதீங்க, இடம்தான் போகும். ஸ்கிரிப்ட்லதான் கை வைக்கணும். பேர் முடிவு .கேஓன்னு தேடுதத விட்டுட்டு மாட்யூல் பேர மட்டும் மாட்இன்ஃபோ மைனஸ் என் (modinfo -n) கமாண்டுக்கு குடுங்க, அது முழு பாதையையும் பின்னொட்டோட சொல்லிரும். மாட்யூல ஏத்துத மாட்ப்ரோப் கமாண்டுக்கும் பேர் மட்டும் போதும், நடுவுல ஹைஃபனா அண்டர்ஸ்கோரான்னு கூட பாக்காது. ஃபைல் பேர கேக்குதது, மாட்யூல ஏத்துத இன்னொரு கமாண்டான இன்ஸ்மாட் தான்.

ஒரு விஷயம் கவனிங்க, எந்தெந்த ஃபைல் மாட்யூல்னு டெப்மாட் (மாட்யூல் பட்டியல் போடுத கமாண்ட்) பொறுக்குதது பேரோட முடிவ வச்சு, ஆனா லோடு பண்ணும்போது கேமாட் (இந்த கமாண்டெல்லாம் அடங்கின தொகுப்பு) ஃபைலோட முதல் சில பைட்ட பாத்துதான் எதுல அமுக்கினதுன்னு கண்டுபிடிக்கும். அதனால .கேஓ.பிஇசட்2ன்னு நீங்களா ஒண்ணு போட்டா டெப்மாட் அத சீண்டவே சீண்டாது. டெப்மாட் எழுதுத மாட்யூல்ஸ் டாட் டெப் பட்டியல்ல பின்னொட்டோட சேத்துத்தான் பாதை எழுதியிருக்கும், அதனால பேர மாத்தினா டெப்மாட் திரும்ப ஓட்டியே ஆகணும்.

பாளை_லேப்:
சரி அண்ணாச்சி, விரிக்கல. ஃபெடோரா மெஷினுக்கு வெளிய இருந்து வந்த .கேஓ ஒண்ணு இருக்கு, அத நானே எக்ஸ்இசட்ல அமுக்கி வைக்கலாமா?

சங்கரன்கோவில்_லினக்ஸ்:
வைக்கலாம், ஆனா சும்மா எக்ஸ்இசட்னு ஓட்டுனா அது சிஆர்சி64 செக்சம் (ஃபைல் கெடாம இருக்கான்னு சரிபாக்குத எண்) போடும். 5.17ல இருந்து கெர்னலே மாட்யூல விரிக்கும்படி ஒரு வசதி வச்சிருக்காவ, அது ஆன்ல இருந்தா அந்த செக்சம் அதுக்குப் புரியாது, டிமெசேஜ்ல, அதாவது கெர்னல் லாக்ல, டிகம்ப்ரஷன் ஸ்டேட்டஸ் 6னு வந்து நிக்கும். செக் ஆப்ஷன்ல சிஆர்சி32 குடுங்க, கெர்னல் பில்ட்லயும் அதத்தான் போடுதாவ. செக்யூர் பூட் (கையெழுத்த சரிபாக்குத பூட் பாதுகாப்பு) இருந்தா முதல்ல கையெழுத்து போட்டுட்டு அதுக்கப்புறம் அமுக்குங்க, ஏன்னா கையெழுத்து .கேஓவோட வால்லதான் ஒட்டும், அமுக்கின ஃபைல் மேல ஒட்டுனா விரிக்கும்போது வேலைக்கு ஆகாது.