இரவில் வோல்டேஜ் இறங்கினால் சீலிங் ஃபேன் மந்தமாகிறது, மோட்டார் கோளாறா?

கேள்வி (நிழல்மரம்):
வீட்டில் இரண்டு சீலிங் ஃபேன். இரண்டும் பழைய வகை ஏசி மோட்டார்தான். ஹாலில் இருப்பது பகலில் நன்றாக ஓடுகிறது. இருட்டியதும், ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் 3-ல் வைத்த மாதிரிதான் சுற்றுகிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் காலையில் 232 வோல்ட், இரவில் 180. படுக்கையறை ஃபேன் இன்னும் மோசம். பகலிலேயே மந்தம், ஸ்விட்ச் போட்டால் கிளம்பவே யோசிக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தை ஃப்ரீக்வென்சிதான் தீர்மானிக்கும், வோல்டேஜ் அல்ல என்று படித்திருக்கிறேன். அப்புறம் ஏன் இப்படி?

பதில் (காயில்கட்டி):
படித்தது சரி, ஆனால் பாதிதான். ஃப்ரீக்வென்சியும் போல் (காந்த முனை) எண்ணிக்கையும் தீர்மானிப்பது உள்ளே காந்தப்புலம் சுற்றும் வேகத்தை. 50 ஹெர்ட்ஸ், 14 போல் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 428 சுற்று. சுற்றும் பகுதியான ரோட்டர் எப்போதும் அதற்குப் பின்தங்கித்தான் ஓடும். அந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்கிறோம். பெரிய மோட்டார்களில் ஸ்லிப் சில சதவீதம்தான், வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வேகம் அவ்வளவாக மாறாது. சீலிங் ஃபேனில் ஸ்லிப் தாராளமாக வருகிற மாதிரியே ரோட்டரைச் செய்திருப்பார்கள். ரெகுலேட்டரால் வேகத்தைக் குறைக்க முடிவதே அதனால்தான்.

மோட்டாரின் டார்க், அதாவது சுழற்றும் விசை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230-க்குப் பதில் 180 வந்தால் வோல்டேஜ் 78 சதவீதம், ஆனால் அதே வேகத்தில் கிடைக்கும் டார்க் 61 சதவீதம்தான். இறக்கை காற்றைத் தள்ளக் கேட்கும் டார்க்கும் வேகம் குறையக் குறைய வேகமாகக் குறையும். அதனால் ஃபேன் நின்றுவிடாது, இரண்டும் சரிக்குச் சரியாகும் ஒரு வேகத்தில் போய் நிலைத்துவிடும். இருட்டியதும் உங்கள் ரெகுலேட்டரின் வேலையை லைனே செய்கிறது, அவ்வளவுதான். ஹால் ஃபேனில் கோளாறு இல்லை.

நிழல்மரம்:
புரிந்தது அண்ணா. படுக்கையறை ஃபேன்?

பதில் (காயில்கட்டி):
232 வோல்ட்டிலும் மந்தம் என்றால் வோல்டேஜைக் குறை சொல்ல முடியாது. முதல் சந்தேகம் கெப்பாசிட்டர். வருடக்கணக்கில் ஓடினால் அதன் மதிப்பு தேய்ந்துகொண்டே வரும், டார்க்கும் கூடவே போகும். மெயினையே ஆஃப் செய்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள், சில வீடுகளில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருப்பார்கள். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகு மீட்டரில் வையுங்கள். கையால் சுற்றிப் பார்த்து பேரிங் இறுகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பதில் (வேகப்பிரியன்):
எதற்கு இவ்வளவு? 2.5 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 4 போடுங்கள், ஃபேன் பறக்கும்.

பதில் (காயில்கட்டி):
தயவுசெய்து வேண்டாம். கொஞ்ச நாள் பறக்கும்தான். ஆனால் கெப்பாசிட்டரோடு இணைந்த துணை வைண்டிங்கில் (காயிலில்) கரண்ட் கூடி சூடேறும், கடைசியில் காயில் கருகும். ஃபேனில் எழுதியிருக்கும் அதே மதிப்பு, 440 வோல்ட் ஏசி ரேட்டிங், அது போதும்.

நிழல்மரம்:
கழற்றிப் பார்த்தேன். மேலே 2.5 என்று போட்டிருக்கிறது, மீட்டரில் 1.4 தான் காட்டியது. புதியது மாட்டியதும் பகலில் இரண்டும் ஒரே மாதிரி ஓடுகின்றன. இரவில் இரண்டுமே மந்தம். இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

பதில் (காயில்கட்டி):
முதலில் இரவில், எல்லாம் ஓடும்போது, மீட்டர் போர்டு பக்கமும் ஃபேன் ஸ்விட்ச் பக்கமும் அளந்து பாருங்கள். அங்கே 215, இங்கே 180 என்றால் வீட்டு வயரிங்கில் எங்கோ லூஸ் கனெக்‌ஷன். அது சூடாகிக்கொண்டிருக்கும், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் 180 என்றால் வருகிற சப்ளையே அப்படி, மின்வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டியதுதான்.

ஃபேனுக்காக மட்டும் ஸ்டெபிலைசர் வீண். மாற்றும் எண்ணம் இருந்தால் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் வாங்குங்கள். அது ஏசியை டிசியாக்கி, உள்ளே இருக்கும் கண்ட்ரோல் போர்டால் வேகத்தைப் பிடித்து வைக்கும், 180-லும் அசராது. பழைய ரெகுலேட்டரை மட்டும் அந்த லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் நான் கவலைப்படுவது ஃபேனுக்காக அல்ல, ஃப்ரிட்ஜுக்காக. வோல்டேஜ் போதாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறினால் கரண்ட்டை வாரி இழுக்கும். ஸ்டெபிலைசர் வாங்கினால் அதற்கு வாங்குங்கள்.