பிள்ளை சுகம், சரி. பெரியப்பாவின் அலுவல் என்ன மாதிரி?

2018 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. இளவரசர் வில்லியமின் மனைவி கேட்டுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்த நாள். அன்று லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் எங்கள் குடும்பத்தின் போன் குழுவில் கதைத்ததை இங்கே தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு, என் போனில் உள்ளபடி உறவுமுறைகளை மட்டும் விட்டிருக்கிறேன். எங்கள் பகுதி ஆட்கள் பலர் அன்றைக்கு எதைத் தேடினார்கள் என்பது இதில் இருக்கிறது.

*காலை*

சித்தி (ஈஸ்ட்ஹாம்): எல்லாருக்கும் காலை வணக்கம். கேட்டை விடியவே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். பாடிங்டன் செயின்ட் மேரிஸ், லிண்டோ விங். இன்றைக்கு செயின்ட் ஜோர்ஜ் தினம் வேறு! ரீவியைப் போடுங்கோ.

சின்ன மாமா (டூட்டிங் கடை): சுகமாகப் பெற்று எழும்பட்டும். கடையில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லார் வாயிலும் நேற்றைய மரதனும் வெயிலும்தான்.

பெரியம்மா (ஹரோ): பெரியப்பா நித்திரை இல்லாமல் எழும்பி இருக்கிறார். உள்துறை அமைச்சர் இன்றைக்குத்தானே பாராளுமன்றத்தில் பேசுகிறார்? எத்தனை மணிக்கு, எந்தச் சனலில்? தம்பி, பார்த்துச் சொல்லு.

தம்பி: பின்னேரம், பெரியம்மா. திங்கட்கிழமை சபை இரண்டரைக்குத்தான் கூடும். முதலில் கேள்வி நேரம். மூன்றரைக்குப் பிறகு எப்போதும் வரலாம். பாராளுமன்றச் சனலைப் போட்டு வையுங்கோ, மற்றச் சனல்களை நம்ப வேண்டாம்.

அத்தை (யாழ்ப்பாணம்): அண்ணாவுக்கு என்ன பிரச்சினை? எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே.

நான்: அத்தை, பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் விளக்கமாகச் சொல்கிறேன். பெரியப்பா 1968 இல் வேலை வவுச்சரோடு வந்தவர். 1973 ஜனவரி 1க்கு முன் இங்கே வந்து குடியேறிய பொதுநலவாய நாட்டவர்களுக்குத் தங்கியிருக்கச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அதைக் காட்ட எல்லாரிடமும் காகிதம் இல்லை. பெரியப்பாவின் பழைய சிலோன் பாஸ்போர்ட் வீடு மாறும்போது தொலைந்துபோனது. பிரிட்டிஷ் குடியுரிமை அவர் எடுக்கவே இல்லை. இத்தனை வருடம் யாரும் கேட்கவும் இல்லை. இப்போது வீடு வாடகைக்கு எடுக்க, வேலைக்குச் சேர, வைத்தியம் பார்க்க, எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்கிறார்கள்.

தம்பி: மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து பிள்ளைகளாக வந்தவர்கள்தான் முதலில் மாட்டினார்கள், அத்தை. 1948 இல் வந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலின் பெயரால் அவர்களை விண்ட்ரஷ் தலைமுறை என்கிறார்கள். லண்டனில் 44 வருடம் வாழ்ந்த ஒருவரிடம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 54,000 பவுண்டு கேட்டிருக்கிறார்கள். வெளிநாடு போன சிலர் திரும்பி வர முடியாமல் அங்கேயே நிற்கிறார்கள். வந்து இறங்கியபோது எழுதிக் கொடுத்த அட்டைகள் பழைய ஆதாரமாக இருந்தன. அவற்றை 2010 இல் அழித்துவிட்டார்கள் என்பது போன கிழமைதான் வெளியே வந்தது.

நான்: அதனால்தான் ஆவணியில் மச்சாளின் கலியாணத்துக்கு வருகிறேன் என்று பெரியப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. வந்தால் திரும்பி இங்கே விடுவார்களோ என்ற பயம்.

அத்தை: கடவுளே. ஐம்பது வருடம் அங்கே உழைத்த மனிசன்.

*மதியம்*

சித்தி: ஆண் பிள்ளை! 11.01க்குப் பிறந்ததாம். 8 இறாத்தல் 7 அவுன்ஸ்!

பெரியக்கா (மருத்துவிச்சி): 3.8 கிலோ, நல்ல நிறை. தாயும் பிள்ளையும் சுகம் என்று அறிவித்துவிட்டார்கள். மற்றவர்கள் அறிய வேண்டியது அவ்வளவும்தான். நான் இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிறேன், போனை மெளனத்தில் போடுகிறேன்.

பெரியம்மா: நல்லாக இருக்கட்டும் பிள்ளை. தம்பி, சபை தொடங்கிவிட்டதா?

சின்ன மாமா: இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஜமெய்க்காவில் இருந்து சின்ன வயதில் வந்த அம்மா ஒருவர் நாள் தவறாமல் என் கடைக்குப் பேப்பர் வாங்க வருவார். ரேடியோவில் பிள்ளை பிறந்த செய்தி போகும்போது கல்லாவடியில்தான் நின்றார். "கடவுள் பிள்ளையைக் காப்பாற்றட்டும்" என்றார். அடுத்த வாய்க்கு, "அமைச்சர் எத்தனை மணிக்குப் பேசுகிறார்?" என்று கேட்டார். பெரியம்மா கேட்ட அதே கேள்வி. அவருடைய தமையனுக்கும் காகிதம் இல்லையாம். பால், பாண், முட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலையில் இருந்து வந்த மற்றவர்கள் அந்தளவும் கேட்கவில்லை. பஸ் கார்டுக்குக் காசு போட்டார்கள், மின்சார மீற்றர்த் திறப்புக்குக் காசு போட்டார்கள், போனார்கள்.

சித்தி: எல்லாரும் சேர்ந்து பிள்ளை பிறந்ததைக் குற்றம் மாதிரிக் கதைக்க வேண்டாம். நான் இந்த நாட்டுக்கு வந்தது 1984 இல். புரட்டாதியில் ஹரி பிறந்து, டயானா அதே ஆஸ்பத்திரிப் படியில் பிள்ளையோடு நின்ற படத்தைப் பேப்பரில் வெட்டி வைத்திருந்தேன். நானும் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு அறைக்குள் தனியே இருந்தேன். எனக்கு அம்மா பக்கத்தில் இல்லை. அந்தப் படம் எனக்கு ஆறுதல். இன்றைக்கும் பார்ப்பேன்.
அதோடு இன்னொன்று. முந்தி என்றால் தம்பி பிறந்தவுடன் முடிசூடும் வரிசையில் அக்காவைத் தாண்டி முன்னுக்குப் போய்விடுவான். இப்போது சட்டத்தை மாற்றியதால் அக்கா சார்லட் நாலாவது இடத்திலேயே இருக்கிறாள், தம்பி ஐந்தாவது. பெண் பிள்ளை பெற்றவளுக்கு அது சந்தோஷம்தான்.

நான்: சித்தி, நீங்கள் பார்ப்பதில் ஒரு பிழையும் இல்லை. சட்டம் மாறியது நல்ல விஷயம், அதை நானும் மனதார ஏற்கிறேன். ஆனால் இன்றைக்கு அதைப் பற்றி ஒருவரும் பேசுவதாகத் தெரியவில்லையே. எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் ரீவி ஓடுகிறது. சத்தம் இல்லை, எழுத்து மட்டும். ஒரு மணித்தியாலமாக அதே கதவு. இரண்டு பொலிஸ்காரர், வெள்ளைத் தடுப்புக் கம்பி, ஏணிகளில் ஏறி நிற்கும் படப்பிடிப்பாளர்கள். அறையில் பத்துப் பதினைந்து பேர் சாப்பிடுகிறோம். சோற்றைச் சூடாக்குகிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிக் கதைக்கிறார்கள். ரீவியின் பக்கம் தலை திரும்பவில்லை. யாருக்கும் அந்தத் தாயில் கோபமும் இல்லை. கதவுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவர்களுக்கே தெரியாது, நாங்கள் எதைப் பார்ப்பது?

தம்பி: 2013 இல் மூத்தவன் ஜோர்ஜ் பிறந்தபோதும் இதே கதைதான். கிழமைக் கணக்கில் அந்த வாசலில் ஏணி வைத்து, நிலத்தில் நாடா ஒட்டி இடம் பிடித்தார்கள். பிபிசியின் சைமன் மக்காய் அங்கே நேரலையில் நின்றபடி ஒன்று சொன்னார்: இன்னும் நிறைய வரும், அதில் எதுவும் செய்தி இல்லை, செய்தி அரண்மனையில் இருந்துதான் வரும், ஆனாலும் நாங்கள் நிறுத்தப் போவதில்லை என்று. நேர்மையான மனிசன். 'கார்டியன்' பத்திரிகையின் இணையத்தளத்தில் அரச குடும்பச் செய்தியை மறைக்க ஒரு பொத்தானே வைத்தார்கள். 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகையின் முகப்பில் "பெண்ணுக்குக் குழந்தை" என்று மட்டும் போட்டார்கள். பார்க்க விருப்பமில்லாத ஆட்கள் அப்போதே அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்.

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். நான் மெதுவாகத்தான் தட்டுவேன், பொறுத்து வாசியுங்கோ.
இந்த நாட்டில் அரச குடும்பத்தில் பிள்ளை பிறக்கும்போது உள்துறை அமைச்சர் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று முன்பு ஒரு வழக்கம் இருந்தது. 1688 இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசருக்கு மகன் பிறந்தபோது, அது அவருடைய பிள்ளையே இல்லை, படுக்கை சூடாக்கும் சட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பிள்ளை என்று கதை கட்டிவிட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் வந்த வழக்கம் என்று சொல்வார்கள். இரண்டாம் எலிசபெத் மகாராணி 1926 ஏப்ரல் 21 அன்று புரூட்டன் வீதியில் பிறந்தபோது உள்துறை அமைச்சர் அந்த வீட்டில் இருந்தார். நாட்டிலோ நிலக்கரிச் சுரங்கத் தகராறு முற்றி நின்றது. பன்னிரண்டு நாளில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது.
இந்த வழக்கத்தை ஆறாம் ஜோர்ஜ் அரசர் நிறுத்தியது 1948 நவம்பரில், சார்ள்ஸ் பிறப்பதற்குக் கொஞ்சம் முன். விண்ட்ரஷ் கப்பல் டில்பரித் துறைக்கு வந்ததும் அதே 1948, ஜூனில்.
உள்துறை அமைச்சர் பிரசவ வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை என்று அரசருக்கே அன்றைக்கு விளங்கியது. இன்றைக்கு அமைச்சர் சபையில் எங்களைப் போன்றவர்களுக்குப் பதில் சொல்ல நிற்கிறார். செய்திக்காரர் மட்டும் ஏன் இன்னும் அந்த வாசலில் நிற்கிறார்கள்? பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். எனக்கு அமைச்சரின் பேச்சுத்தான் கேட்க வேண்டும்.

அத்தை: அண்ணா, நீங்கள் இவ்வளவு பெரிதாக எழுதி நான் பார்த்ததே இல்லை.

*பின்னேரம்*

தம்பி: உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பேசத் தொடங்கிவிட்டார்!! எழுதி எழுதிப் போடுகிறேன்.

தம்பி: மன்னிப்புக் கேட்கிறார்.

தம்பி: விண்ட்ரஷ் தலைமுறைக்குக் குடியுரிமை கொடுப்பார்களாம். கட்டணம் இல்லை. பரீட்சை இல்லை.

தம்பி: பெரியப்பா!! கரீபியன் ஆட்களுக்கு மட்டும் இல்லை. எல்லாப் பொதுநலவாய நாட்டவருக்கும்!! 1973க்கு முன் வந்திருந்தால் போதும். இலங்கையும் அதில் அடக்கம்.

பெரியம்மா: மற்றொரு தரம் சொல்லு. இலங்கையுமா?

தம்பி: ஓம் பெரியம்மா. இந்த மாதத்துக் கணக்கில் குடியுரிமைக்கு 1,330 பவுண்டு. அது வேண்டாமாம். நட்டஈட்டுக்கும் ஒரு திட்டம் வரும் என்கிறார்.

நான்: இங்கே ரீவியில் வில்லியம் மூத்த பிள்ளைகள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். சார்லட் கை அசைக்கிறாள். அழகான பிள்ளை. நான் தம்பியின் செய்தியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

சின்ன மாமா: பாருங்கோ, வேண்டுமென்றே மறைக்கிறார்கள். பிள்ளையைக் காட்டி இதை மூடப் பார்க்கிறார்கள்.

தம்பி: மாமா, அப்படிச் சொல்ல முடியாது. போன கிழமை முழுக்க எல்லாப் பேப்பரிலும் விண்ட்ரஷ்தான் முகப்பில். நீங்கள்தானே விற்றீர்கள். 'கார்டியன்' நிருபர் அமேலியா ஜென்டில்மன் போன நவம்பரில் இருந்து ஒவ்வொரு ஆளாகத் தேடிப் போய், வீட்டில் இருந்து கேட்டு எழுதினார். அதனால்தான் அமைச்சர் இன்றைக்கு எழும்பி நிற்கிறார். மறைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நிருபர் ஆறு மாதம் கதவு கதவாகத் தட்டி இவ்வளவு செய்யலாம் என்றால், இன்றைக்கு அந்த ஒரு கதவுக்கு முன்னால் நின்ற இத்தனை நிருபரும் என்னென்ன செய்திருக்கலாம்? எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

சின்ன மாமா: சரி, அது நியாயம். மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, விடு.

சித்தி: நானும் சனலை மாற்றிப் பாராளுமன்றத்தைப் பார்த்தேன். அண்ணை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

*இரவு*

பெரியம்மா: கேட் வெளியே வந்த படம் பார்த்தீர்களா? பெற்று ஏழு மணித்தியாலம்தானாம். சிவப்புச் சட்டை, குதியுயர்ந்த செருப்பு, தலை வாரி, படியில் நிற்கிறாள். எங்கள் ஊரில் என்றால் அறையை விட்டு இறங்க விடுவோமா? சரக்கு அரைத்துக் கறி வைத்து, சுடுதண்ணி வார்த்து, 31 நாள் கழியும் மட்டும் கையில் ஏந்துவோம்.

பெரியக்கா: இப்போதுதான் எழும்பினேன். பெரியம்மா, ஏழு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போவது இங்கே புதிது இல்லை. எங்கள் வார்ட்டிலும் சுகப்பிரசவம் என்றால் அதே நாளில் போகும் தாய்மார் இருக்கிறார்கள், பிறகு நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். ஆனால் அவர்கள் போவது தளர்ந்த உடுப்போடு, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு. உலகத்துப் படக்கருவிகள் எல்லாம் வாசலில் காத்து நின்றதால்தான் இந்தப் பிள்ளை இப்படி உடுத்திக்கொண்டு வர வேண்டி வந்தது. தையலோ, இரத்தப்போக்கோ, நோவோ, எல்லாத் தாய்க்கும் அது ஒன்றுதான்.
எனக்கு 2012 ஞாபகம் வருகிறது. முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கேட் வாந்தியால் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவுஸ்திரேலிய வானொலிக்காரர் இருவர் மகாராணி மாதிரிக் குரல் மாற்றி அங்கே போன் எடுத்தார்கள். இணைப்பைக் கொடுத்தது இந்தியாவில் இருந்து வந்த ஒரு தாதி, இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்றாம் நாள் அவர் உயிரோடு இல்லை. அந்தக் கிழமை எங்கள் வார்ட்டில் போன் மணி அடித்தாலே ஒருவரை ஒருவர் பார்ப்போம். அதற்குப் பிறகு இந்த வாசல் செய்திகளை நான் பார்ப்பதில்லை.

சித்தி: அது எனக்கு மறந்தே போனது. பாவம்.

தம்பி: பெரியப்பா, நாளைக்கு உள்துறை அமைச்சின் உதவி இலக்கத்துக்கு நானே போன் எடுக்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பழைய சம்பளச் சீட்டு, தேசிய காப்புறுதிக் கடிதம், வாடகைப் பற்றுச்சீட்டு, 1973க்கு முந்தியது எது இருந்தாலும் எடுத்து வையுங்கோ. வரி அலுவலகத்தில் இருக்கும் பதிவையும் அவர்களே பார்ப்பார்களாம்.

பெரியம்மா: மேல் தட்டில் பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. முதல் சம்பளச் சீட்டு அதற்குள்தான். 1968 கார்த்திகை.

சின்ன மாமா: நாளைக்குக் காலை பேப்பர்க் கட்டுப் பிரிக்கும்போது முகப்பு முழுக்கப் பிள்ளைதான் இருக்கும். அமைச்சரின் பேச்சு உள்ளே எந்தப் பக்கத்தில் இருந்தாலும் வெட்டி வைக்கிறேன், அண்ணை. அந்த ஜமெய்க்கா அம்மாவுக்கும் ஒன்று.

அத்தை: அண்ணா, அப்போ ஆவணிக்கு வருவீர்கள்தானே? மண்டபக்காரர் ஆட்கணக்குக் கேட்கிறார்.

பெரியப்பா: எங்கள் இருவரையும் கணக்கில் சேர். டிக்கெட் மட்டும் இப்போது எடுக்க மாட்டேன். கையில் காகிதம் வரட்டும்.