தண்டையார்பேட்டை ஃபியூஸ் கட்டை வைத்தியம் அமெரிக்க கிச்சனுக்கு ஆகாது

தண்டையார்பேட்டையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து இரண்டு வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, மைக்ரோவேவில் சோறு சூடு பண்ணும்போது கெட்டிலையும் போட்டால் பாதி கிச்சனில் கரண்ட் போய்விடுகிறது. வயரிங் மோசமா?"

வயரிங்மேல் தப்பில்லை தம்பி, கணக்கு அப்படி. நம் ஊரில் 230 வோல்ட். 16 ஆம்பியர் பவர் பிளக் ஒன்றே 3600 வாட்டுக்கு மேல் தாங்கும். இங்கே பிளக் பாயிண்டில் வருவது 120 வோல்ட். சமையல் மேடைக்கு வரும் லைன் 20 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 2400 வாட். கெட்டில் 1500, மைக்ரோவேவ் இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. பிரேக்கர் (நம் ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாக இங்கே தானே அணையும் சுவிட்ச்) விழாமல் என்ன செய்யும்?

இதை யோசித்துத்தான் இங்குள்ள தேசிய மின் விதிநூல், அதாவது என்.இ.சி., சமையல் மேடை பாயிண்டுகளுக்குக் குறைந்தது இரண்டு 20 ஆம்பியர் லைன் வேண்டும் என்கிறது. கிச்சன் லைட்டை அந்த லைன்களில் சேர்க்கக் கூடாது. அதனால் உங்கள் மேடையிலும் இரண்டு லைன் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சாயங்காலம் டேபிள் லேம்ப்பை ஒவ்வொரு பாயிண்டிலும் செருகி, பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது எந்த லைன் என்று தெரிந்ததும் சின்னதாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கெட்டிலை ஒன்றிலும் மைக்ரோவேவை மற்றொன்றிலும் போடுங்கள். பழைய வீடுகளில் ஒரே லைன்தான் இருக்கலாம். அங்கே ஒன்று முடிந்து இன்னொன்று, வேறு வழியில்லை.

பிரேக்கர் விழாமலே பாயிண்ட் செத்திருந்தால், டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் உள்ள பாயிண்டைத் தேடுங்கள். அதுதான் ஜி.எஃப்.சி.ஐ. வெறும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கசிந்தாலே துண்டித்துவிடும். ஈரக் கையோடு மிக்ஸியைத் தொடுகிற நமக்கு அது காவல் தெய்வம். ஒரு பாயிண்டில் அது விழுந்தால், அதற்குப் பின்னால் இணைத்த பாயிண்டுகளும் சேர்ந்து போகும். நான் வந்த புதிதில் இது தெரியாமல், மூன்று பாயிண்ட் செத்துவிட்டது என்று அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டேன். அவர் அரிசி டப்பாவை நகர்த்தி, பின்னால் இருந்த பொத்தானை ஒரு விரலால் அமுக்கிவிட்டுப் போனார். டீ வேண்டுமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகும். அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார். பழைய வயரை உரித்து, ஒரு இழைக்குப் பதில் மூன்று இழையை முறுக்கிச் சுற்றுவார். அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது. ஆனால் மீட்டர் பலகைக்குப் பின்னால் வயர் கொதித்து, ரப்பர் கருகிய வாசனை கூடம் வரை வரும்.

அதே வேலையை இங்கேயும் செய்கிறார்கள். 15 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறதா, கடையில் 20 ஆம்பியர் வாங்கி மாட்டிவிடுவது. பிரேக்கர் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 15 ஆம்பியர் லைனில் பெரும்பாலும் 14 கேஜ் செம்பு வயர்தான் இருக்கும், 20க்கு 12 கேஜ் வேண்டும் (இங்கே எண் குறையக் குறைய வயர் தடிமன்). புது வீடுகளில் உறை வெள்ளை என்றால் 14, மஞ்சள் என்றால் 12. இங்கே சுவருக்குள் இருப்பது மரச்சட்டம், நம் ஊர்ச் செங்கல் இல்லை. வாடகை வீட்டில் பிரேக்கர் பெட்டியைத் திறந்து கை வைக்கவே வேண்டாம். சொந்த வீடு என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையும் பெர்மிட்டையும் பாருங்கள்.

அடுத்து, ஊரிலிருந்து சாமான் கொண்டுவருவது. பின்னை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. நம் ஊர் ரைஸ் குக்கரை நேராகச் செருகினால் கால்வாசிச் சூடுதான் வரும், சோறு விறைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மிக்ஸி ஓடும். கிரைண்டர் கதை வேறு: அதன் மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 60. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. கல் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், மாவு சூடாகும்.

எலக்ட்ரிக் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய 240 வோல்ட் பாயிண்டில் கிரைண்டரை மாட்டலாம் என்று ஒருவர் எனக்கே யோசனை சொன்னார். அது 40, 50 ஆம்பியர் லைன். கிரைண்டர் வயர் எரிந்து முடிந்தாலும் அந்த பிரேக்கர் அசையாமல் நிற்கலாம்.

பிரீத்தி மிக்ஸி, அல்ட்ரா கிரைண்டர் எல்லாம் இந்த ஊர் வோல்ட்டுக்கென்றே செய்தது இங்கே கிடைக்கின்றன. பெட்டியில் மிச்சமாகும் எடைக்கு வண்ணாரப்பேட்டை மில்லில் அரைத்த குழம்புத்தூளைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.